வளையாத பந்தும் கண்ணுக்குத் தெரியாத எண்ணெயும்

கனடாவில் இருக்கும் அண்ணா வியாழக்கிழமைகளில் கிளிநொச்சியில் உள்ள அம்மாவுக்குத் தொலைபேசி எடுப்பதில்லை. "இண்டைக்கு அவனுக்கு லீக்" என்று அம்மாவே எங்களுக்குச் சொல்லுவார். லீக் என்றால் என்னவென்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பாரமான பந்தொன்றை உருட்டிப் போத்தல் போன்ற கட்டைகளை விழுத்துகிற விளையாட்டு என்பதோடு எங்கள் அறிவு நின்றது. எங்கள் வீடுகளில் பலவற்றில் இப்படி ஒருவர் வெளிநாட்டில் இருக்கிறார். அவருடைய வாழ்க்கையில் நாங்கள் எட்டிப் பார்க்காத மூலையொன்றும் இருக்கிறது.

ரொறன்ரோவில் அண்ணா வீட்டில் ஆறு கிழமைகள் தங்கியபோது அந்த மூலையைப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. நான் போன நேரம் நல்ல நேரமல்ல. அண்ணா இருநூற்றைம்பது டொலர் கொடுத்துப் புதிய பந்தொன்று வாங்கியிருந்தார். நன்றாக வளைந்து போகும் பந்து என்று கடையில் சொல்லி விற்றிருந்தார்கள். அது வளையவில்லை. நேராக வழுக்கிக்கொண்டு போய்க் கட்டைகளின் ஓரத்தில் இடித்தது. அணியில் உள்ளவர்கள் பந்தைக் குறை சொன்னார்கள். அண்ணா பந்தைக் குறை சொல்லவில்லை.

"என்ர கையிலதான் பிழை, தங்கச்சி. பந்தைச் சொல்லி என்ன?"

2009 இல் வன்னியில் பட்ட செல் துண்டொன்று அண்ணாவின் வலது மணிக்கட்டை அரைவாசி மடங்காமல் ஆக்கிவிட்டது. எது பிழைத்தாலும் கடைசியில் அந்தக் கையில்தான் கொண்டுபோய் முடிப்பார். எனக்கு அது சரியாகப் படவில்லை. பந்தா, தடமா, கையா என்று பிரித்துப் பார்க்க வழி இருக்கிறதா என்று விசாரிக்கத் தொடங்கினேன். வழி இருக்கிறது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

தடத்தில் இருப்பது எண்ணெய்

பத்துக் கட்டைகள் வைத்து ஆடும் இந்த ஆட்டத்தை ரென்பின் பௌலிங் என்பார்கள். ரொறன்ரோவிலேயே 1909 இல் பிறந்த ஐந்து கட்டை ஆட்டம் வேறு. அதில் பந்து சிறியது, விரல் துளைகளும் இல்லை. அண்ணா ஆடுவது பத்துக் கட்டை ஆட்டம். கட்டைகளை அங்கே 'பின்' என்றே சொல்கிறார்கள்.

பந்து ஓடும் தடத்தில் கால் வைக்கக்கூடாத கோட்டிலிருந்து முதலாவது பின் வரையுள்ள தூரம் 60 அடி. அகலம் நாற்பத்தொன்றரை அங்குலம். அந்த அகலம் 39 ஒடுங்கிய பலகைகளாகக் கணக்கிடப்படுகிறது. முன்பு உண்மையாகவே மரப்பலகைகள் பதித்திருந்தார்கள். இப்போது பல இடங்களில் செயற்கைத் தகடுதான், ஆனாலும் பலகைக் கோடுகளை அதில் அச்சடித்திருக்கிறார்கள். வலக்கையால் ஆடுபவர் வலது ஓரத்திலிருந்து ஒன்று, இரண்டு என்று எண்ணுவார். நடுவில் நிற்கும் முதலாவது பின் இருபதாவது பலகையில் இருக்கிறது.

நான் அறியாதிருந்த விடயம் இதுதான். அந்தத் தடம் முழுவதும் காய்ந்ததல்ல. ஆட்டம் தொடங்குவதற்கு முன் ஒரு இயந்திரம் தடத்தின் மேல் ஊர்ந்து போய்ப் பழைய எண்ணெயைத் துடைத்துப் புதிய எண்ணெய் பூசுகிறது. ஒரு தடத்துக்குப் போவது ஏறத்தாழ 20 முதல் 30 மில்லிலீற்றர் வரைதான். ஐந்தாறு தேக்கரண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவும் மெல்லிய படலமாகப் பரவுவதால் கதிரையில் இருந்து பார்ப்பவருக்குத் தடம் பளபளப்பாகத் தெரியுமே தவிர, எங்கே எண்ணெய் கூட, எங்கே குறைவு என்பது தெரியாது.

ஆனால் பந்துக்குத் தெரியும். எண்ணெய் உள்ள இடத்தில் பந்து வழுக்கும், காய்ந்த இடத்தில் பிடிக்கும். பிடிக்கும்போதுதான் பந்தின் சுழற்சி அதன் போக்கைத் திருப்பி வளைக்கிறது. ஆகவே எந்தத் தடத்தைப் பற்றியும் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்.

முதலாவது, எண்ணெய் எத்தனை அடி நீளத்துக்குப் பூசப்பட்டிருக்கிறது. 35 அடிக்கு உட்பட்டால் குட்டை, 41 அடியைத் தாண்டினால் நீளம், இடைப்பட்டது நடுத்தரம் என்பது பொதுவான கணக்கு. குட்டையான தடத்தில் பந்து பிடிப்பதற்குக் கூடுதலான காய்ந்த தரை கிடைக்கும். நீளமான தடத்தில் பந்து பிடிக்கத் தொடங்கும்போது பின்கள் கிட்ட வந்துவிடும்.

இரண்டாவது, எவ்வளவு எண்ணெய். ஒரே நீளத்தில் 20 மில்லிலீற்றர் பூசிய தடமும் 28 மில்லிலீற்றர் பூசிய தடமும் ஒன்றல்ல.

மூன்றாவது, குறுக்காக எப்படிப் பரப்பியிருக்கிறார்கள். பொழுதுபோக்குக்காக வருபவர்களும் சாதாரண லீக்குகளும் ஆடும் தடங்களில் நடுவில் கூடவும் ஓரங்களில் குறைவாகவும் பூசுவார்கள். நடுவில் உள்ள எண்ணெய் ஓரத்தில் உள்ளதைப் போல எட்டு, பத்து மடங்குகூட இருக்கலாம். இது ஆடுபவருக்கு உதவி செய்யும் தடம். பந்து சற்று வெளியே போனால் காய்ந்த தரை அதைத் திருப்பி உள்ளே அனுப்பும், சற்று உள்ளே போனால் எண்ணெய் அதை வளையவிடாமல் பிடித்து வைக்கும். போட்டிகளுக்கான கடினமான தடங்களில் இந்த வேறுபாட்டை மூன்று மடங்குக்குள் வைக்கிறார்கள். அங்கே பிழைவிட்டால் பிழைதான்.

பழைய ஆட்டக்காரர்கள் ஒரு சுருக்கக் கணக்கு வைத்திருக்கிறார்கள். எண்ணெயின் நீளத்திலிருந்து 31 ஐக் கழித்தால் வருவது, பந்து திரும்ப வேண்டிய பலகையின் எண். நாற்பது அடி என்றால் ஒன்பதாவது பலகை. முப்பத்து நான்கு என்றால் மூன்றாவது பலகை, அதாவது கிட்டத்தட்ட வாய்க்கால் விளிம்பு. நாற்பத்தைந்து என்றால் பதினான்காவது. இது விதியல்ல, எங்கே பார்க்கத் தொடங்குவது என்பதற்கு ஒரு வழிகாட்டி.

பந்து ஏன் வளைய வேண்டும்

நேராக உருட்டி நடுப் பின்னில் அடித்தால் என்ன என்று நானும் கேட்டேன். அப்படி அடித்தால் இரண்டு பக்கமும் பின்கள் நின்றுவிடுவது வழக்கம். வலக்கைக்காரர் அடிக்க வேண்டியது முதலாவது பின்னுக்கும் மூன்றாவது பின்னுக்கும் இடைப்பட்ட இடத்தை. அதைப் பொக்கற் என்பார்கள், பதினேழரையாவது பலகை. சரியாக விழுந்த ஸ்ட்ரைக்கில் பந்து தானே தொடுவது 1, 3, 5, 9 ஆகிய நான்கு பின்களை மட்டும்தான். மற்ற ஆறையும் பின்களே ஒன்றையொன்று தள்ளி விழுத்துகின்றன.

அதற்குப் பந்து சாய்வாக உள்ளே வர வேண்டும். தடத்தின் ஓரத்திலிருந்து நேர்கோட்டில் உருட்டினால் கிடைக்கும் சாய்வு ஒன்றரைப் பாகைக்குக் கிட்ட. வளைந்து வரும் பந்துக்கு நான்கு முதல் ஆறு பாகை கிடைக்கும். இந்த வித்தியாசத்துக்காகத்தான் மனிதர்கள் இருநூற்றைம்பது டொலர் கொடுக்கிறார்கள்.

பந்தில் பார்க்க வேண்டியவை

பௌலிங் பந்து 16 இறாத்தலுக்கு மேல் போகக்கூடாது. அண்ணாவுடையது 14 இறாத்தல். அதன் நடத்தையைத் தீர்மானிப்பவை மூன்று.

மேலோடு எதனால் ஆனது என்பது முதலாவது. பொலியெஸ்டர் பந்து எண்ணெயிலும் வழுக்கும், காய்ந்த தரையிலும் பெரிதாகப் பிடிக்காது. நேராகப் போக வேண்டிய அடிகளுக்கு அது நல்லது. 1980 களின் தொடக்கத்தில் வந்த யூரிதேன் பந்து நிதானமாக, வில் போல வளையும். 1990 களின் தொடக்கத்தில் வந்த ரியாக்டிவ் ரெசின் பந்து எண்ணெயில் வழுக்கிக் காய்ந்த தரையில் சட்டென்று திரும்பும். அண்ணா வாங்கியது இந்த வகை.

உள்ளே இருக்கும் கனமான அச்சு இரண்டாவது. இதைக் கோர் என்கிறார்கள். கனம் மையத்தோடு நெருங்கியிருந்தால் பந்து விரைவாக உருளத் தொடங்கும், வெளியே தள்ளியிருந்தால் பிந்தித் தொடங்கும். பெட்டியில் இதற்கு எண்கள் போட்டிருப்பார்கள். ஆர்.ஜி. என்ற எண் 2.46 அங்குலத்துக்கும் 2.80 அங்குலத்துக்கும் இடையில் இருக்க வேண்டும் என்பது ஐக்கிய அமெரிக்க பௌலிங் காங்கிரசின் விதி. எண் சிறிதானால் முந்தி உருளும். டிஃபரென்ஷல் என்ற இன்னொரு எண் 0.060 ஐத் தாண்டக்கூடாது. அது கூடினால் பந்து ஒவ்வொரு சுற்றிலும் தன் புதிய பகுதியைத் தரையில் வைக்கும், அதனால் எண்ணெய் படாத மேலோடு தரையைத் தொடும். பந்து திரும்பி வரும்போது அதன் மேல் தெரியும் எண்ணெய் வளையங்கள் ஒன்றையொன்று விலகி விசிறி போலிருந்தால் இந்த வேலை நடக்கிறது என்று அர்த்தம்.

மூன்றாவது மேற்பரப்பின் சொரசொரப்பு. கடையில் வாங்கும்போது இதைப் பலர் கேட்பதில்லை. ஆனால் பந்தின் அசைவை ஆராய்ந்த பௌலிங் காங்கிரசின் ஆய்வில், பந்தின் போக்கை மிக அதிகமாகத் தீர்மானிப்பவற்றில் முன்னுக்கு நின்றது இதுதான். தேய்க்கும் வட்டுகளில் 500, 1000, 2000, 4000 என்று எண்கள் உண்டு. எண் குறையக் குறையச் சொரசொரப்புக் கூடும். சொரசொரப்பான பந்து எண்ணெய்க்குள்ளும் தரையைத் தேடிப் பிடிக்கும். வழுவழுப்பான பந்து மழை ரோட்டில் தேய்ந்த ரயர் மாதிரி.

அண்ணாவின் பந்து கண்ணாடி போல மினுங்கியது. கடையிலிருந்து வந்தபடியே, 4000 இல் தேய்த்து அதற்கு மேல் பொலிஷ் போட்டது. வாங்கியவர் அந்த மினுக்கத்தையும் தரத்தின் அடையாளமாக எடுத்துக்கொண்டார்.

கையை எண்ணால் அளப்பது

கையைப் பற்றிய பேச்சுக்கு முன் அதை அளந்துவிட வேண்டும் என்று நினைத்தேன். அதற்கு மருத்துவர் வேண்டாம். பந்தில் ஒரு துண்டு வெள்ளை நாடா ஒட்டி, செக்கனுக்கு 60 சட்டங்கள் எடுக்கும் கைத்தொலைபேசியால் படம் பிடித்தேன். பந்து கையை விட்டதிலிருந்து நாடா ஒரு சுற்று வர எத்தனை சட்டங்கள் என்று எண்ணி, 3600 ஐ அதனால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது வரும்.

அண்ணாவுக்குப் பதினெட்டுச் சட்டங்கள், அதாவது நிமிடத்துக்கு 200 சுற்று. அவருடைய அணியில் நன்றாக வளைப்பவர் என்று பெயர் எடுத்தவருக்குப் பத்துச் சட்டங்கள், 360 சுற்று. வேகத்தையும் அளந்தோம். பந்து 60 அடியையும் கடக்க இருவருக்குமே ஏறத்தாழ இரண்டரைச் செக்கன், மணிக்கு 26 கிலோமீற்றர் அளவில்.

மணிக்கட்டு மடங்காததால் சுற்றுக் குறைகிறது என்பது உண்மை. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வேகம் அதேயாகவும் சுற்றுக் குறைவாகவும் இருந்தால் அதன் பொருள் ஒன்றுதான்: அந்தப் பந்து மற்றவருடையதை விடத் தூரம் வழுக்கும். அப்படிப்பட்ட கைக்குத் தரையை முந்திப் பிடிக்கும் மேற்பரப்பு வேண்டும். கடைக்காரர் கொடுத்தது பிந்திப் பிடிக்கும் மேற்பரப்பு. 360 சுற்றுக் கைக்கு அது பொருந்தியிருக்கும்.

சோதித்த முறை

ஒரு பந்தைச் சோதிக்கும்போது புள்ளியைப் பார்க்கக்கூடாது என்பது நான் கற்ற முதல் பாடம். பிழையான இடத்தில் பட்டும் பத்துப் பின்களும் விழுவதுண்டு. சரியாகப் பட்டும் ஒன்று நின்றுவிடுவதுண்டு. பந்து என்ன செய்தது என்பதைத்தான் எழுத வேண்டும்.

ஒரு சனிக்கிழமை காலை, புதிதாக எண்ணெய் பூசிய 40 அடித் தடத்தில் ஒரு மணித்தியாலம் வாடகைக்கு எடுத்தோம். அண்ணா இரண்டாவது அம்புக்குறியை, அதாவது பத்தாவது பலகையை, கடந்து போகும்படி உருட்ட வேண்டும். அந்த இலக்கைத் தவறவிட்ட அடிகளைக் கணக்கில் எடுக்கவில்லை. ஒவ்வொரு அடிக்கும் நான் நான்கு விடயங்கள் எழுதினேன்: பந்து எங்கே திரும்பியது, எந்தப் பலகையில் பின்களை அடைந்தது, எந்தப் பின்கள் நின்றன, திரும்பி வந்த பந்தில் எண்ணெய் வளையம் எப்படி இருந்தது. ஒவ்வொரு அடிக்குப் பிறகும் பந்தைத் துணியால் துடைத்தோம்.

முதலில் அவருடைய பழைய பந்து. அது எப்படிப் போகும் என்று அவருக்குத் தெரியும், ஆகவே அது ஒப்பீட்டுக்கு. பிறகு புதிய பந்து, மினுக்கத்தோடு. பிறகு அதே பந்து, 1000 இலக்க வட்டால் தேய்த்த பிறகு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். இடத்தையும் வேகத்தையும் பந்தையும் ஒன்றாக மாற்றினால் எது காரணம் என்று ஒருநாளும் தெரியாது.

மினுக்கத்தோடு போன புதிய பந்து பழைய பந்தை விடப் பிந்தித்தான் திரும்பியது. பெரும்பாலும் பொக்கற்றை எட்டவில்லை. எட்டியபோதும் ஐந்தாவது பின் நின்றது. ஐந்து நடுவில் இருப்பது. அது நின்றால் பந்து வலுவில்லாமல் பட்டு வெளியே விலகிவிட்டது என்று அர்த்தம்.

தேய்க்க ஐந்து நிமிடம் ஆனது. மினுக்கம் போய்ப் பந்து மங்கலானது. அண்ணாவுக்கு முகம் வாடிவிட்டது. "காசு குடுத்து வாங்கின சாமானை உரஞ்சிப் பழுதாக்கிறமோ தெரியேல்லை" என்றார்.

அடுத்த அடியிலேயே பந்து இரண்டடி முந்தித் திரும்பிப் பொக்கற்றுக்குள் வந்தது. பத்து அடிகளில் ஏழு அங்கே வந்தன. கை மாறவில்லை. அதே மணிக்கட்டு, அதே 200 சுற்று.

ஆனால் தடம் அப்படியே இருக்காது

இத்தோடு முடித்தால் நான் பாதி உண்மையைத்தான் சொன்னவளாவேன். அடுத்த வியாழன் லீக்கில் முதல் இரண்டு ஆட்டங்களும் நன்றாகப் போயின. மூன்றாவதில் அதே பந்து பொக்கற்றைத் தாண்டி இடப்பக்கம் ஓடியது. ஒன்றிரண்டு சோர்ந்து போய்ப் பட்டன.

காரணம் எண்ணெய். ஒவ்வொரு பந்தும் தடத்திலிருந்து கொஞ்சம் எண்ணெயைத் துடைத்து எடுத்துக்கொண்டு போகிறது. எல்லோரும் பாவிக்கும் பாதை முதலில் காய்கிறது. ரெசின் பந்துகள் எண்ணெயைக் குடிக்கவும் செய்யும். வழுவழுப்பான பந்துகள் எண்ணெயை முன்னால் இழுத்துக்கொண்டு போய்க் காய்ந்திருந்த இடத்தில் பூசிவிடும். மாலை ஏழு மணிக்கு இருந்த தடம் ஒன்பது மணிக்கு இருப்பதில்லை. சொரசொரப்பான பந்து காய்ந்த தரையில் முந்தியே உருளத் தொடங்கித் தன் வலுவைப் பாதி வழியிலேயே செலவழித்துவிடுகிறது. மினுக்கமான பந்து அந்த நேரத்துக்கு நன்றாகப் பொருந்தியிருக்கும்.

ஆட்டத்தின் நடுவில் பந்தைத் தேய்க்க விதி இடம் கொடுக்காது. திரவம் போட்டுத் துடைக்கவும் முடியாது, காய்ந்த துணி மட்டும்தான். ஆகவே ஆடுபவர் செய்யக்கூடியது நிற்கும் இடத்தை இடப்பக்கமாக நகர்த்தி இன்னும் எண்ணெய் மிஞ்சியிருக்கும் பாதையைத் தேடுவது, அல்லது பந்தை மாற்றுவது. அண்ணா இப்போது மூன்றாவது ஆட்டத்துக்குப் பழைய பந்தை எடுக்கிறார். அவர் வாங்கிய எந்தப் பந்தும் குப்பையில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரம் இருக்கிறது.

வாங்குவதற்கு முன்னும் பின்னும்

வெளிநாட்டில் இந்த ஆட்டத்துக்குப் போகும் உறவினர் உங்களுக்கும் இருந்தால், இவற்றைச் சொல்லி விடுங்கள்.

உங்கள் தடத்தில் எண்ணெய் எத்தனை அடி, எத்தனை மில்லிலீற்றர் என்று கேளுங்கள். பல இடங்களில் வரைபடத்தைக் கேட்டால் காட்டுவார்கள்.

உங்கள் சுற்றையும் வேகத்தையும் அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். "நல்ல பந்து எது" என்று கேட்காமல், "இந்தத் தடத்தில் இந்தக் கைக்கு எது" என்று கேளுங்கள்.

மேற்பரப்பு எந்த இலக்கத்தில் இருக்கிறது என்று கேட்டு எழுதி வையுங்கள். வேறு பந்து வாங்க முன் அதை மாற்றிப் பாருங்கள். வட்டின் விலை சில டொலர்கள்தான்.

பந்து பழகப் பழக அதன் சொரசொரப்புத் தேயும், துளைகளில் எண்ணெய் ஊறும். முன்பு வளைந்தது இப்போது வளையவில்லை என்றால் உங்களையே நொந்துகொள்ள முன் பந்தைக் கழுவி மீண்டும் தேய்த்துப் பாருங்கள்.

அண்ணாவின் கை எப்படி இருந்ததோ அப்படியேதான் இருக்கிறது. குளிர் கூடிய நாட்களில் நோகிறது. லீக்கில் அவருடைய அணி நடுவில் எங்கோ நிற்கிறது. ஒரு மாற்றம் மட்டும் கவனித்தேன். பந்து பிழைத்தால் இப்போது அவர் கையைப் பார்ப்பதில்லை. திரும்பி வந்த பந்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து எண்ணெய் வளையத்தைப் பார்க்கிறார்.

நான் ஊருக்கு வந்த பிறகு ஒரு வெள்ளிக்கிழமை அண்ணா அம்மாவுடன் கதைத்துக்கொண்டிருந்தார். நேற்று எப்படி என்று அம்மா கேட்டார். "எண்ணெய் கூட, அம்மா" என்றார் அண்ணா. "அப்ப உரஞ்சின பந்தைத்தானே கொண்டுபோயிருக்க வேணும்" என்றார் அம்மா.